கையுறை இல்லாத விரல்

சபேலாவின் விரல்கள் வெடிக்கத் தொடங்கிப்
பதினான்கு வருடம்.
வானம் பார்த்த வயல்போல என்றெல்லாம் சொல்ல வேண்டாம்.
இடுக்குகளில் பொடிப் பொடியாகக் கீறல்,
எலுமிச்சை பிழிந்தால் உயிர் போகும்.
அவ்வளவுதான்.

தோல் மருத்துவர் ஒரு நீளமான பெயரைச் சொன்னார்.
கருஞ்சாயப் பெட்டியின் முதுகில்
எறும்பெழுத்தில் அதே பெயர் இருந்தது.
வேலையை மாற்று என்றார்.
கம்பாதோஸில் வேலையை மாற்றுவதென்றால்
சிப்பித் தெப்பத்துக்குப் போக வேண்டும்.
அங்கேயும் கைதான் வெடிக்கும்.

ஆகவே கையுறை.
அதன்மேல் இன்னொரு கையுறை.
அம்மோனியா ஏறிச் சிவந்த கண்.
வாடிக்கையாளர் சிரிக்கும்போது
முகமூடிக்குள் யாருக்கும் தெரியாத ஒரு சிரிப்பு.

இன்று செவ்வாய். மழை.
சந்தியாகோ ஆய்வகத்திலிருந்து அந்தீயா
ஒரு குப்பியும் ஒரு நோட்டும் கொண்டுவந்திருக்கிறாள்.
குப்பியில் இருப்பது
கணவாய் கக்கும் மைக்குத் தங்கை முறை,
மயிர்க்காலில் ஊறும் கருப்புக்கு நாத்தனார் முறை,
எந்த உயிரையும் பிழிந்து எடுக்காதது.

"முடியைப் பிளந்து உள்ளே நுழையாது,
மேலேயே உட்காரும்.
காற்றுப் பட்டுக் கருக்கும்,
நறுக்கி வைத்த கத்தரிக்காய் மாதிரி."

"எத்தனை கழுவலுக்கு நிற்கும்?"

"கத்தரித்த முடிக்கற்றையில் பதினெட்டு.
தலையில் தெரியாது.
தலைக்கு வியர்வை உண்டு, தலையணை உண்டு,
கடற்காற்று உண்டு."

நாற்காலியில் எர்மிந்தா,
முப்பது வருடமாகத் தெப்பக் கயிற்றில் சிப்பி பிரிப்பவள்.
ஞாயிறன்றே காதுக்குப் பின்னால்
ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாயிற்று.
தோல் முணுமுணுக்கவில்லை.

இந்த யோசனை யார் கொடுத்தது என்று கேட்டாள்.
"சிப்பிதான்.
அலையடிக்கும் பாறையில் அது ஒட்டிக்கொள்கிறதே,
அந்தப் பசையின் குடும்பத்துச் சரக்கு."

எர்மிந்தா கண்ணாடிக்குள்ளிருந்தே முறைத்தாள்.
"விடிந்தால் அடைந்தால் நான் சுரண்டித் தள்ளும் பசையை
என் தலையிலேயே பூசுகிறீர்களா?
அதற்குக் காசு வேறா?"

மூன்று பேரும் சிரித்தார்கள்.
முகமூடி இன்று ஆணியில் தொங்கியது.
சபேலாவின் முன்பல்லில் ஒரு சந்து இருப்பதை
எர்மிந்தா அப்போதுதான் பார்த்தாள்.

கையுறை போடுங்கள், விதி என்றாள் அந்தீயா.
போட்டாள்.
சுண்டுவிரலை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு.

பிறகு காத்திருப்பு.
நரை முதலில் தேயிலைத் தண்ணீர் நிறமானது,
அப்புறம் துரு,
அப்புறம் சட்டென்று எதுவும் நடக்காததுபோல் நின்று
மறுபடி இருண்டது.
வெண்மை என்ற சொல்லின் வாலிலும்
ஒரு மை காத்திருக்கிறது என்று
தமிழ் தெரிந்த யாராவது இருந்திருந்தால் சொல்லியிருப்பார்கள்.
யாரும் இல்லை.
மழைதான் கூரையில் பேசிக்கொண்டிருந்தது.

அலசும்போது சபேலா
தொட்டியின் துளையைப் பார்க்கமாட்டாள். பழக்கம்.
இருபது வருடச் சாயம் அதன் வழியாகத்தான் போனது,
குழாய்க்கு, சுத்திகரிப்பு நிலையத்துக்கு,
மிச்சமிருந்தால் அரோசா கழிமுகத்துக்கு.
கழிமுகத்தில் சிப்பி.
சிப்பி வாய் திறந்து லிட்டர் லிட்டராகக் கடலைச் சலிக்கும்.
ஞாயிற்றுக்கிழமை அதை வெள்ளை ஒயினில் வேகவைத்து
அவள் விருப்பமாகச் சாப்பிடுவாள்.

"இந்தத் தண்ணீர் போனால்?"

அந்தீயா உடனே பதில் சொல்லவில்லை.
துளைக்கு மேலே ஒரு கண்ணாடிச் சாடியைப் பிடித்தாள்.
"இன்னும் அளந்துகொண்டிருக்கிறோம்."
அந்தப் பதில் சபேலாவுக்குப் பிடித்திருந்தது.
சாயப் பெட்டிகள் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை.

எர்மிந்தா தலையை இந்தப் பக்கம் திருப்பினாள்,
அந்தப் பக்கம் திருப்பினாள்.
"கருப்பு இல்லையே."

"இல்லை."

"நனைந்த கயிற்று நிறம்."

"ஆமாம்."

"அப்படியானால் தெரிந்த நிறம்தான்"
என்று கோட்டை மாட்டிக்கொண்டாள்.

இரவு, சமையலறை விளக்கில்,
சபேலா அரை எலுமிச்சையைக் கையில் பிழிந்தாள்.
ஒன்பது விரலும் எரிந்தன.
சுண்டுவிரலும் எரிந்தது.
ஆனால் நேற்றைவிட அதிகமாக இல்லை.
நகத்தடியில் கருப்பு அப்படியே இருந்தது.

அந்தீயாவுக்குச் செய்தி அனுப்பினாள்:
கழுவல் ஒன்று. நிற்கிறது.